ஃபாகி ஒரே ஒரு நாள் மேட்டின் உடலில் இருந்திருந்தால்

கேள்வி: சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றில் இரண்டு கதாபாத்திரங்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் யாரை யாரோடு மாற்றிப் பார்க்க ஆசைப்படுவீர்கள்?

'டேர்டெவில்' தொடரின் மேட் மர்டாக்கையும் ஃபாகி நெல்சனையும். பல வருடங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கதை இது.

பார்க்காதவர்களுக்காக: 2015-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் இரண்டு இளம் வக்கீல்கள், கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். மேட்டுக்கு ஒன்பது வயதில் ஒரு விபத்தில் ரசாயனம் பட்டுக் கண் போய்விட்டது. மற்ற புலன்களெல்லாம் பல மடங்கு கூர்மையாகிவிட்டன. பகலில் கோர்ட், இரவில் முகமூடியோடு சண்டை. மேட்டுக்குக் கண் தெரியாது என்பதைத் தவிர ஃபாகிக்கு இது எதுவும் தெரியாது.

மேட்டையும் வில்லன் ஃபிஸ்க்கையும் மாற்றலாமே என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. 2018-ல் வந்த மூன்றாவது சீசனில் டெக்ஸ் என்பவன் டேர்டெவில் உடையைப் போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து கொலை செய்கிறான். எதிரி நம் உருவத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை அதிலேயே காட்டிவிட்டார்கள். நண்பன் நம் உருவத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் காட்டவில்லை.

முதல் சீசனின் பத்தாவது அத்தியாயத்தின் மையமே இவர்கள் இருவரின் சண்டைதான். முகமூடிக்காரன் யார் என்று ஃபாகிக்குத் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் தையலோடு கிடக்கும் மேட்டைப் பார்த்து, உனக்கு நிஜமாகவே கண் தெரியாதா என்று கேட்கிறான். பிறர் இதயத் துடிப்பை வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்று மேட் சொல்லும்போது அவன் கோபம் இன்னும் கூடுகிறது. இத்தனை வருடம் நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் உனக்குத் தெரிந்திருக்கிறது, நான் மட்டும் எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்ற கோபம். நியாயமான கோபம்தான். மேட் எவ்வளவோ விளக்கிப் பார்க்கிறான், வார்த்தை போதவில்லை. அன்று இரவு அவர்கள் தூங்கும்போது மாற்றம் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

காலையில் ஃபாகி மேட்டின் உடலில் கண் விழிக்கிறான். விழித்தாலும் இருட்டுதான். அதைவிடப் பெரிய கஷ்டம் சத்தம். மேல் மாடியில் யாரோ இருமுவது, சுவருக்குள் தண்ணீர் ஓடுவது, தெருவில் போகிறவர்களின் இதயத் துடிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில். மேட் பட்டு விரிப்பில் படுப்பதற்கும் காரணம் உண்டு, பருத்தித் துணி அவன் தோலில் உப்புத்தாள் மாதிரி உரசும். அனாதை இல்லத்தில் சிறுவன் மேட் இதையெல்லாம் தாங்க முடியாமல் துடித்தபோதுதான் ஸ்டிக் என்ற கிழவர் வந்து, ஒவ்வொரு சத்தமாகப் பிரித்துக் கேட்கப் பழக்கினார். அந்தப் பழக்கம் மேட்டின் மனதோடு போய்விட்டது. ஃபாகிக்கு மிஞ்சியது வெறும் காது. ஒன்பது வயதுப் பையன் பட்ட பாட்டை அவன் முப்பது வயதுக்குப் பக்கத்தில் படுவான்.

இதை நான் இவ்வளவு ஆசையாக எழுதக் காரணம் என் தம்பி. அவனுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வீட்டில் மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நடிக்கிறான் என்றே பல வருடம் நினைத்தேன், முகத்துக்கு நேராகச் சொல்லியும் இருக்கிறேன். இந்தப் பத்தாவது அத்தியாயத்தை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். பாதியில் அவன், "அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்" என்றான். அன்றைக்குத்தான் நான் மறுபேச்சுப் பேசாமல் குறைத்தேன்.

சரி, மேட்டுக்கு வருவோம். ஃபாகியின் உடலில் அவனுக்குப் பார்வை திரும்பிவிட்டது. உடனே எல்லாம் புரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1958-59-ல் இங்கிலாந்தில், பத்து மாதக் குழந்தையாகப் பார்வையை இழந்த ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் கருவிழி மாற்றி வைத்தார்கள். ரிச்சர்ட் கிரிகரி என்ற உளவியலாளர் அவரை ஆராய்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க அவரால் முடிந்தது, ஏனென்றால் பாக்கெட் கடிகாரத்தின் முட்களை அவர் ஏற்கெனவே விரலால் தடவிப் பழகியிருந்தார். தொட்டு அறியாத பலவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் திணறினார். மேட் ஒன்பது வயது வரை பார்த்தவன், இவ்வளவு சிரமம் இருக்காது. ஆனாலும் முகங்களைப் பார்த்தால் குழம்புவான், கண்ணை மூடிக்கொண்டால்தான் நிம்மதியாக இருக்கும்.

அப்புறம் அவன் எதிரே மேட் மர்டாக்கின் உடல் நிற்கிறது. தன் முகத்தை அவன் கடைசியாகப் பார்த்தது சிறுவனாக இருக்கும்போது. வளர்ந்த முகம் எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. அவன் அப்பா ஜாக் குத்துச்சண்டைக்காரர். தோற்றுக் கொடுக்கச் சொன்ன பந்தயத்தில் ஜெயித்ததால் சுட்டுக் கொல்லப்பட்டவர். அன்று சந்தில் கிடந்த அவர் முகத்தைச் சிறுவன் மேட் கையால் தடவித்தான் அறிந்தான். இப்போது காயமும் தையலுமாக எதிரே நிற்கும் தன் முகத்தில் அவனுக்கு அப்பாதான் தெரிவார் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் வசனமே வேண்டாம்.

நடிகர்களுக்கும் இது நல்ல தீனி. சார்லி காக்ஸ் எதிராளியின் முகத்தில் பார்வையை நிறுத்தாமல் மேட்டாக நடித்தவர். ஃபாகியாக மாறினால், தெரியாது என்று தெரிந்தும் பழக்கத்தில் கண்ணால் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபாகியாக நடித்த எல்டன் ஹென்சன், யாராவது கூப்பிட்டால் முகத்தைத் திருப்புவதற்கு முன் காதைத் திருப்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி மாலையில் வரும். ஃபாகி சத்தத்துக்கு ஓரளவு பழகிவிட்டான். வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று மேட்டிடம் கேட்கிறான். "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறான் மேட். அந்த நொடியில் ஃபாகிக்குத் தன் சொந்த இதயம் எதிரே தடுமாறுவது கேட்கிறது. பொய். இத்தனை நாள் மேட் கேட்டது இதைத்தான். கேட்காமல் இருக்க அவனுக்கு வழியே இருக்கவில்லை என்பது ஃபாகிக்கு அப்போது புரிகிறது. அதே சமயம், தெரிந்த பொய்யைத் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பாரம் என்பதும்.

2025-ல் இதன் தொடர்ச்சியாக வந்த 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' தொடரின் முதல் அத்தியாயத்தில் ஃபாகி சுடப்பட்டுச் சாகிறான். அந்த இதயம் மெல்ல நிற்பதை மேட் தூரத்திலிருந்து கேட்கிறான். அதைப் பார்த்த பிறகு என் கதையில் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொண்டேன். உடல்கள் பழையபடி மாறுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன், ஃபாகியின் உடலில் இருக்கும் மேட்டுக்கு எந்த இதயமும் கேட்கவில்லை. கல்லூரி நாளிலிருந்து வெளியே நின்று கேட்டுப் பழகிய அந்தத் துடிப்பைத் தேடி, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருக்கிறான். ஃபாகி அதைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.