பக்கத்து மனையில் கடகால் தோண்டும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைப் பற்றியவை: வேலை தொடங்கும் முன், அல்லது குடி போகும் முன், வீடு எப்படி இருந்தது என்பதை எப்படிப் பதிந்து வைப்பது?

கேள்வி: எங்களுடையது மடிப்பாக்கத்தில் 1998-ல் கட்டிய வீடு. மேலே ஒரு மாடி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் புரொமோட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்தம் விட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறார்களாம். எங்கள் சுவரில் ஏற்கெனவே இரண்டு மூன்று விரிசல் இருக்கிறது. போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் போதும் என்கிறான் மகன். போதுமா ஐயா? பழைய விரிசலையும் எடுத்தால் அது நமக்கே எதிராகப் போய்விடாதா?

பதில்: பழைய விரிசலைத்தான் அம்மா முதலில் எடுக்க வேண்டும்.

கட்டடங்களைப் பார்வையிடும் வேலைக்கு நான் வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். பக்கத்தில் பைலிங் (அஸ்திவாரத்துக்குப் பூமிக்குள் ஆழமாகத் தூண் இறக்குவது) போட்டதால் பதினோரு இடத்தில் வெடிப்பு என்று அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், அதில் நான்கின் உள் ஓரத்தில் பெயிண்ட் இறங்கியிருந்தது. ஒன்றில் ஒட்டடை. புது விரிசல் என்றால் ஓரம் கூராக, உள்ளே பூச்சின் சொந்த நிறம் மாறாமல் இருக்கும். பெயிண்ட் உள்ளே போயிருந்தால் அந்த விரிசல் கடைசியாகப் பெயிண்ட் அடித்த நாளைவிடப் பழையது. அவர் பொய் சொல்லவில்லை. சுவரை அதுவரை அவர் உற்றுப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தார். ஆனால் அந்த நான்கைக் காட்டியே மீதி ஏழையும் எதிர்த் தரப்பு தள்ளிவிட்டது. அந்த ஏழும் உண்மையாகவே புதியவை. இன்றுவரை எனக்கு அது வருத்தம்தான். பழைய நான்கையும் அவர் முன்பே எழுதி வைத்திருந்தால் அந்த ஏழு நின்றிருக்கும்.

வீடியோ எடுங்கள், நல்லதுதான். ஆனால் நடந்துகொண்டே எடுத்த வீடியோவில் முடி அளவு விரிசல் தெரியாது. போட்டோ வேண்டும். வாசலில் தொடங்கி வலப்பக்கமாகவே போங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரை, மேல்தளம் என்று ஒரே வரிசையில் எடுத்தால் எதுவும் விட்டுப்போகாது. குறை இருக்கும் இடத்தில் மூன்று படம்: எந்தச் சுவர் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, கொஞ்சம் நெருங்கி ஒன்று, பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒன்று. குறையே இல்லாத சுவரையும் எடுக்க வேண்டும். பின்னால் அங்கே விரிசல் வந்தால் அந்த வெறும் சுவரின் படம்தான் பேசும்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீண்டால் கோட்டைத் தாண்டியது தெரியும். அகலத்துக்கு, கோடு போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்று கட்டட ஆய்வுக் கருவிகள் விற்கும் இடத்தில் கிடைக்கும். பழைய மேஸ்திரிகள் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் கலவையால் பதித்துத் தேதி எழுதுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டுச் செங்கல்லின் மேல் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு மட்டும் அசைவது சுவர் அசைவது போலத் தெரியும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பையும், செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி போகும் வெடிப்பையும் தனியாகக் குறித்துவையுங்கள். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் பெரும்பாலும் அப்படித்தான் வரும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் கோடும், பூச்சில் சிலந்தி வலை போலப் பரவியிருப்பதும் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருபவை. இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவை எங்கள் துறையில் பலர் பின்பற்றுகிறோம். அதன்படி ஒரு மில்லிமீட்டர் வரை மிக லேசானது, 5 மி.மீ. வரை லேசானது, 5 முதல் 15 மி.மீ. வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இப்போது அரை மில்லிமீட்டர் இருப்பது ஆறு மாதத்தில் மூன்று ஆனால், அந்த வித்தியாசத்தைக் காட்ட இன்றைய அளவு இருந்தாக வேண்டும்.

உங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டியது. களிமண் பூமி கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். அதோடு சேர்ந்து விரிசலும் திறந்து மூடும். மே மாதத்தில் அளந்ததை நவம்பரில் அளந்ததோடு அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் அளவோடு அன்று மழையா வெயிலா என்றும் எழுதிவையுங்கள். கதவும் அப்படித்தான். மழையில் உப்பி இறுகுகிறதா, எப்போதுமே இறுகுகிறதா என்று இப்போதே குறித்துவிட வேண்டும்.

சுவரோடு நின்றுவிடாதீர்கள். காம்பவுண்டு சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், இப்போதே சாய்ந்திருந்தால் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். தரை டைல்ஸைக் காசால் தட்டுங்கள், பொள்ளென்று கேட்கும் கற்களில் சாக்பீஸால் குறி போட்டுப் படம் எடுங்கள். சம்ப்பை நிரப்பி, இரவு முழுதும் தொடாமல் விட்டு, காலையில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். போர்வெல் மோட்டார் போட்டால் மாடித் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம்? இதை முக்கியமாகக் கேட்கிறேன். பக்கத்தில் ஆழமாகக் கடகால் தோண்டினால் ஊறும் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைப்பார்கள். அப்போது உங்கள் கிணற்று நீரும் இறங்கலாம். நீர் வடிந்த மண் அமுங்கி வீடும் கொஞ்சம் இறங்கலாம்.

இதெல்லாம் உங்கள் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் பாதிப் பயன்தான். இடிப்பு தொடங்குவதற்கு முன்பே (இடிப்பதிலேயே அதிர்வு உண்டு) புரொமோட்டரின் சைட் இன்ஜினியரை ஒரு நாள் வரச் சொல்லிக் கூடவே நடங்கள். இரண்டு பிரதி எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல புரொமோட்டர் இதை விரும்புவார். நாளைக்கு உங்கள் பழைய விரிசலை அவர் தலையில் கட்ட முடியாதே. வரமாட்டேன் என்றால், பிரதியை ஒரு கடிதத்தோடு சேர்த்து ஒப்புகை வரும்படி அஞ்சலில் அனுப்புங்கள். நில உரிமையாளருக்கும் ஒன்று. கைக்கு எட்டினால், உரிமம் பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வைத்து அறிக்கை வாங்குங்கள். கட்டணத்தை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள் விவரங்களும் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல் செய்யுங்கள். மூலப் படத்தை வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். எந்தப் போனில் எடுத்தது என்று குறித்து வைத்தால் அப்போது வசதி.

வேலை நடக்கும்போது புது விரிசல் வந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வழக்கு என்று ஆனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-வது ஆணை, 9-வது விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தைப் பார்க்க வைக்குமாறு கேட்கலாம். அவர் வந்து பார்ப்பது இன்றைய நிலைமையை. நேற்றைய நிலைமையைக் காட்ட உங்கள் பதிவுதான் உண்டு.

கேள்வி: எங்கள் தெருவுக்கு அடியில் மெட்ரோ ரயில் சுரங்கம் வருகிறது. வீட்டுக்குள் வந்து படம் எடுக்க வேண்டும் என்று ஆட்கள் கேட்கிறார்கள். விட்டால் வேலைக்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். விடலாமா?

பதில்: அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தாராளமாக விடுங்கள். சுரங்கம் தோண்டும் முன் பாதையோரக் கட்டடங்களின் நிலையைப் பதிவது வழக்கமான வேலை. உள்ளே விடுவதால் எந்த உரிமையும் போகாது. விடாமல் இருந்தால், பாதிப்பு வந்தபோது உங்கள் வீட்டுக்கு மட்டும் முந்தைய நிலையின் பதிவு இல்லாமல் போகும். மாடி, பூட்டிக் கிடக்கும் அறை, பின்கட்டு எல்லாவற்றையும் காட்டுங்கள். அவர்கள் கையெழுத்துக் கேட்கும் தாளில் எழுதியிருப்பதை முழுதாகப் படித்துவிட்டு, பிரதி வேண்டும் என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் எடுக்கும் அதே இடங்களை நீங்களும் பின்னாலேயே நின்று எடுங்கள்.

கேள்வி: கோவையில் மூன்று வருடம் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் ஆணி ஓட்டை, பாத்ரூம் கதவு ஊறியது, பெயிண்டிங் என்று சொல்லி அட்வான்ஸில் 42,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அந்தக் கதவு நாங்கள் போகும்போதே ஊறித்தான் இருந்தது, நிரூபிக்க வழியில்லை. இப்போது வேறு வீடு பார்த்திருக்கிறோம். இந்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, தம்பி. 42,000 என்பது சிறு தொகை இல்லை. புது வீட்டுக்கு நல்ல நாள் ஒன்று இருக்கிறது: பால் காய்ச்சும் நாள். சாமான் இறங்கியிருக்காது, வீடு காலி, வீட்டுக்காரரும் பெரும்பாலும் வந்திருப்பார். அடுப்பிலிருந்து பாலை இறக்கிவிட்டு, அவரோடு ஒரு சுற்று வாருங்கள். "ஐயா, எது எது எப்படி இருக்கிறது என்று சேர்ந்தே எழுதிவிடுவோம், நாளைக்கு இருவருக்கும் பேச்சு வராது" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

எழுத வேண்டியதில் பாதி சின்ன விஷயம்தான். மின்விசிறி எத்தனை, எது கரகரக்கிறது; குழாய்களில் உப்புக்கறை; சிங்க்கின் அடியில் ஈரம்; கீசர் சூடாகிறதா; எந்த ஜன்னலில் கொசுவலை கிழிந்திருக்கிறது; எந்தச் சுவரில் எத்தனை ஆணி ஓட்டை; அலமாரிக்குள் ஓதம்; சாவி எத்தனை ஜோடி. ஈ.பி. மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள், பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. கதவுகளின் கீழ் ஓரத்தைக் குனிந்து எடுக்க மறக்காதீர்கள், நீங்கள் அடிபட்டது அங்கேதானே. அன்று மாலையே எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு பாடும்.

சட்டம் உங்கள் பக்கம் பேசும் இடங்களும் உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108-ன்படி, குடியேறியபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் நியாயமான தேய்மானம் அதில் சேராது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, உடைந்த கண்ணாடி இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். இருந்தால் அப்போதே பேசுங்கள். நிலைமைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்து, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். காலி செய்யும் நாளிலும் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றுங்கள்.

கேள்வி: திருச்சியில் என் தாய் வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன். குடிவருபவர் தெரிந்த குடும்பம். அவர்கள் முன்னால் போட்டோ எடுத்தால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களே?

பதில்: அவர்கள் கையிலேயே போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் வீட்டுக் குறைகளையும் நீங்களே வாயால் சொல்லிக் காட்டுங்கள். மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற இடம் இருந்தால் மறைக்காமல் காட்டி, எப்போது சரி செய்வீர்கள் என்று எழுதுங்கள். அது அவர்கள் பிள்ளைகள் தலைமேல் விழக்கூடிய விஷயம்.

கேள்வி: எங்கள் ஃபிளாட் இரண்டாம் மாடி. பாத்ரூமை உடைத்துப் புது டைல்ஸ் போடப் போகிறோம். கீழ்வீட்டுக்காரர் கொஞ்சம் கறார். முன்னெச்சரிக்கையாக என்ன செய்யலாம்?

பதில்: உளி வைப்பதற்கு முன் கீழே இறங்கிப் போய், அவரையும் வைத்துக்கொண்டு அவர் பாத்ரூம் மேல்தளத்தைப் பாருங்கள். ஈரக்கறை இப்போதே இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் வளைத்துத் தேதி போட்டுப் படம் எடுத்து, இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் உட்புறத்தையும் மாடிப்படி முனைகளையும் அன்றே எடுங்கள். மூட்டை ஏற்றி இறக்கும்போது அங்கேதான் அடிபடும். பழைய டைல்ஸை எடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போட்டுக் காய்ந்ததும், வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த நேரம் முடிந்ததும் மறுபடி கீழே போய் அந்தப் பென்சில் வட்டத்தைப் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டவில்லை என்று அவரும் பார்த்த பிறகு புது டைல்ஸ் ஒட்டச் சொல்லலாம்.