முற்போக்குக் கிறிஸ்தவ சபை என்றால் ஆராதனை போய்ச் சமூக சேவை மட்டும்தானா?

அப்படியில்லை. சான்பிரான்சிஸ்கோவின் கிளைட் மெமோரியல் சபையைப் பாருங்கள். அது இருக்கும் டெண்டர்லாயின், வீடற்றவர்களும் ஏழைகளும் அதிகம் வாழும் பகுதி. 1963-ல் போதகராக வந்த செசில் வில்லியம்ஸ், 1967-ல் ஆலயத்திலிருந்த சிலுவையையே இறக்கிவிட்டார். அது மரணத்தின் சின்னம், நாம் வாழ்வைக் கொண்டாட வேண்டும் என்பது அவர் வாதம். (எனக்கே இது கொஞ்சம் அதிகப்படிதான்.) ஆனால் ஆராதனை சுருங்கவில்லை. பாடகர் குழு, ஜாஸ், ப்ளூஸ் என்று ஞாயிறு களைகட்டியது.

1964-ல் அங்கே போதகர்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதற்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டன்று நடன விருந்து நடந்தது. வந்தவர்களையெல்லாம் போலீஸ் வாசலிலேயே படமெடுத்தது, சிலரைக் கைதும் செய்தது. மறுநாள் போதகர்களே பத்திரிகையாளர்களைக் கூட்டிப் போலீசைக் கண்டித்தார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

அப்புறம் தினசரி இலவசச் சாப்பாடு. இதற்கெல்லாம் பணம்? காணிக்கை மட்டும் போதாதே. அமெரிக்கப் பெரும்பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட்டுடன் மதிய உணவு சாப்பிடும் வாய்ப்பை 2000 முதல் ஏலம் விட்டார்கள். 2022-ல் நடந்த ஏலம் மட்டுமே சுமார் 1.9 கோடி டாலருக்குப் போனது.