காசு கொடுத்தும் கேட்கக் கிடைக்காத கதை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் வசிக்கிறேன். போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைக்குப் போயிருந்தோம். உலுரு என்ற பெரிய ஒற்றைப் பாறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காட்டா ஜூட்டா என்ற பாறைக்குன்றுகளுக்கு சூரிய அஸ்தமனச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். பஸ், வழிகாட்டி, வால்பா கணவாயில் ஒரு நடை, பாறைகள் சிவக்கும் நேரத்தில் ஒயினும் சீஸும். நல்ல காசு. உலுருவில் அந்த மண்ணின் பழங்குடிகளுடைய பாம்புக் கதையெல்லாம் விரிவாகச் சொன்னார்கள். இங்கே வழிகாட்டி, பாறையின் வயது, உயரம், செடிகளின் பெயர் எல்லாம் சொன்னாரே தவிர, கதை கேட்டால் ‘இது ஆண்களின் சடங்குகளோடு சேர்ந்த இடம், வெளியாருக்குச் சொல்வதில்லை’ என்று முடித்துவிட்டார். எனக்கு ஏமாற்றம், கொஞ்சம் கோபமும். சொல்லமாட்டார்கள் என்றால் காசு வாங்கி எதற்குக் கூட்டிப்போகிறார்கள்? புனிதம் என்றால் அதன் முன்னால் ஒயின் எதற்கு? இதில் ஆண், பெண் பேதம் வேறு. என் கணவரோ, அந்தப் பழங்குடிகள் குமரிக்கண்டத்துத் தமிழர்கள், ‘அனங்கு’ என்ற அவர்கள் பெயரே நம் அணங்குதான், உலுரு ஒரு சுயம்புலிங்கம் என்கிறார். ஒன்பது வயது மகள் மட்டும் ‘ஏம்மா அவங்க நமக்குச் சொல்லமாட்டாங்க?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

க.

அன்புள்ள க.,

நண்பர் ஒருவர் தன் குலதெய்வத்தின் நடுச்சாமப் பூசையை ஆரம்பம் முதல் கடைசிவரை படம்பிடித்து, கீழே விளக்கம் போட்டு, புல்லாங்குழல் இசையும் சேர்த்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார். ‘ஆவணப்படுத்திவிட்டேன், பாருங்கள்’ என்று எனக்குச் சுட்டி வந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் உங்கள் கடிதம். ஆகவே அவருக்குப் போகவேண்டிய திட்டில் பாதி உங்களுக்கு வந்துசேரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணவர் விஷயம். குமரிக்கண்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆட்கள் போயிருக்கலாம் என்று 2013இல் ஒரு மரபணு ஆய்வு வந்தது. நம் ஆட்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். 2016இல் அங்குள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம்களை விரிவாகப் படித்த இன்னொரு ஆய்வு, அந்த வழியில் அப்படியொரு தடயம் இல்லை, பிரிவு 50,000 ஆண்டு பழையது என்றது. அதை யாரும் பார்வர்டு செய்யவில்லை. அணங்குக்கும் இதே கதிதான், வெறும் ஒலி ஒற்றுமை. லிங்கம் என்பதுதான் எனக்கு உண்மையிலேயே எரிச்சல். 1872இல் எர்னஸ்ட் கைல்ஸ் தூரத்திலிருந்து காட்டா ஜூட்டாவைப் பார்த்தார். அதன் பெரிய குன்றுக்கு எங்கோ ஜெர்மானிய நாட்டிலிருந்த ஓல்கா அரசியின் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டு வில்லியம் காஸ் வந்து, உலுருவுக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலர் ஹென்றி ஏயர்ஸின் பெயரைச் சூட்டினார். பெயரோடு ஒரு ஜனம் அங்கே உட்கார்ந்திருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் கணவர் அந்த வரிசையில் கடைசி ஆள், அவ்வளவுதான்.

ஒயினைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. நீங்கள் நின்றது பார்வையாளர்களுக்கென்று தேசியப் பூங்கா நிர்வாகம் ஒதுக்கிய இடம். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் குடித்திருக்கலாம். ஆண், பெண் பேதமும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. உலுருவின் அடிவாரத்தில் பெண்களுக்கு மட்டுமேயான இடங்கள் உண்டு. அங்கும் படம் எடுக்காதீர்கள் என்று பலகை நிற்கும். அவற்றின் கதை அனங்கு ஆண்களுக்கே சொல்லப்படுவதில்லை. அதைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, இனி அந்தக் காசு.

நானும் அதே கணவாயில் நடந்திருக்கிறேன். பாதையே பாறைமேல்தான் போகும். குனிந்து பார்த்தீர்களா? உலுரு மாதிரி சீரான மணற்பாறை கிடையாது அது. முட்டை அளவில், தேங்காய் அளவில், சில இடங்களில் உரல் அளவில் கற்கள்; கருங்கல்லும் எரிமலைக் கல்லுமாக, சாம்பலும் இளஞ்சிவப்புமாக, மணலிலும் சேற்றிலும் இறுகி ஒன்றாகிக் கிடக்கும். சில கற்கள் பாதியாக வெட்டுப்பட்டு, தடவினால் வழவழவென்று இருக்கும். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பெரிய மலைத்தொடர் கரைந்து அடித்துக்கொண்டு வந்த வண்டல். அதில் 36 குமிழ்கள். உயரமானது தரையிலிருந்து 546 மீட்டர், உலுருவைவிட ஏறக்குறைய 200 மீட்டர் அதிகம். சாயங்காலம் சிவப்பது மேல்தோலில் இருக்கும் இரும்புத் துரு. இதையெல்லாம் உங்கள் வழிகாட்டி சொல்லியிருக்கிறார். நீங்களோ ‘சொன்னாரே தவிர’ என்று ஒரே வீச்சில் தள்ளிவிட்டீர்கள்.

எங்கள் பஸ்ஸுக்கு வாய்த்த வழிகாட்டி ஓர் அடிலெய்டுக்காரப் பையன். முகத்தில் ஈ மொய்க்க மொய்க்கத் தட்டிக்கூட விடாமல் பேசினான். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் உங்கள் கேள்வியையே கேட்டார். ‘எனக்கும் தெரியாது. எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது’ என்றான் பையன். பெரியவர் விடவில்லை. ‘சும்மா ஏதாவது ஒன்றைச் சொல்லேன்.’ பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பார்வையாளர் காசில் பிழைக்கிற ஒருவனுக்கு ஏதாவது ஒன்றை அவிழ்த்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர்க் கோவில் வாசல்களில் நிமிடத்துக்கு ஒரு புராணம் பிறக்கிறதே. அந்தப் பையன் உங்களை ஏமாற்றவில்லை அம்மா; ஏமாற்றாமல் விட்டதற்குத்தான் கோபப்படுகிறீர்கள்.

அந்த மௌனத்தைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்ட் என்ற மானுடவியலாளர் 1940இல் அந்தப் பாலைக்குப் போனார். அனங்கு மக்களில் ஒரு பிரிவினரான பிட்ஜன்ஜாஜராக்களின் பெரியவர்கள் அவரை நம்பினார்கள். ரகசியமான சடங்குகள், பொருட்கள், இடங்கள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார்கள். 36 ஆண்டு கழித்து, 1976இல், படங்களோடு அழகான பெரிய புத்தகமாக வந்தது. பணம் உள்ள யாரும் கடையில் வாங்கலாம். தீட்சை பெறாத பையன் புரட்டலாம், பெண்கள் புரட்டலாம். பிட்ஜன்ஜாஜரா ஆண்கள் சிலர் வடக்குப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘கதை எங்களுடையது, காப்புரிமை எங்களுடையது’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘நம்பிச் சொன்னோம், நம்பிக்கை உடைக்கப்பட்டது’ என்றார்கள். நீதிபதி மியூர்ஹெட் அதை ஏற்றுக்கொண்டு அந்தப் பிரதேசத்தில் புத்தகம் விற்கத் தடை போட்டார். ஏற்கெனவே நொந்துபோன ஒரு சமூகம் இதனால் இன்னும் குலைந்துபோகும் என்பதையும் கணக்கில் எடுத்தார்.

இந்த வழக்கைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மவுண்ட்ஃபோர்ட் திருடன் இல்லை. அந்த மக்கள்மேல் பிரியம் உள்ளவர்தான். அறிவு அழிந்துவிடக் கூடாது, பதிவு செய்யவேண்டும் என்று நினைத்திருப்பார். என் யூடியூப் நண்பர் சொல்வதும் அதுதான், நீங்கள் சொல்லப்போவதும் அதுதான்: ‘சொல்லாமலே போய்விட்டால் எல்லாம் அழிந்துவிடுமே.’ அழியட்டுமே. அழியலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற பாத்தியதை யாருக்கு இருக்கிறது? அதைக் காப்பாற்றி வந்தவர்களுக்கு. புத்தகம் போடுகிறவருக்கு இல்லை, கேமரா வைத்திருப்பவருக்கு இல்லை, டிக்கெட் வாங்கியவருக்குச் சுத்தமாக இல்லை.

நெல்லைப் பக்கம் ஒரு சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தைப் பதிவு செய்யப் போயிருந்தேன். டேப் ரெக்கார்டர் காலம். ராத்திரி முழுக்க மகுடம் என்ற பறை அதிர்ந்துகொண்டிருந்தது. கையைக் கீறி சாமிக்கு ரத்தம் கொடுக்கும் கைவெட்டு நேரம் நெருங்கும்போது, பாட்டை நடத்தும் அண்ணாவி என் பக்கம் திரும்பி, ‘தம்பி, அதை அமத்திருங்க. இது அதுக்குள்ள போகக்கூடாது’ என்றார். அமர்த்தினேன். அவர் பாடியது என் காதில் நன்றாகவே விழுந்தது. அதை அவர் தடுக்கவில்லை. தூக்கம் முழித்து அந்தப் புழுதியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்கலாம், பெட்டிக்குள் போய் எங்கேயோ ஒலிக்கக் கூடாது. பிற்பாடு ஓர் ஆய்வாளர் அந்த நாடாவைக் கேட்டுவிட்டு, ‘இங்கே பதிவு அறுந்துபோயிருக்கிறதே’ என்றார். அறுந்துபோகவில்லை, நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன் என்றேன். ‘ஒரு பதினைந்து நிமிஷம் தெரியாத மாதிரி ஓடவிட்டிருக்கக் கூடாதா?’ என்றார். நல்ல மனிதர்தான். அவரோடு பிறகு பேச்சு வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.

உலுருவின் கதையும் இதேதான், பெரிய அளவில். 1983இல் பிரதமர் ஹாக், நிலத்தை அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுப்போம், மேலே ஏறுவதையும் நிறுத்துவோம் என்று அறிவித்தார். 1985 அக்டோபர் 26ஆம் தேதி பத்திரத்தைக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏறுவதை நிறுத்துவோம் என்ற வாக்கு காற்றில் போயிற்று. 1964இல் பாறையில் அடித்த சங்கிலி அப்படியே இருந்தது. ‘தயவுசெய்து ஏறாதீர்கள்’ என்று சொந்தக்காரர்கள் பலகை வைத்துப் பல்லாண்டு கெஞ்சினார்கள். பலகையைப் படித்துவிட்டே ஏறினார்கள் ஜனங்கள். அங்கே செத்தவர்கள் 37 பேர். ஒவ்வொரு சாவுக்கும் அனங்கு மக்கள் துக்கம் காத்தார்கள், தங்கள் இடத்துக்கு வந்தவர்கள் என்று. 2019 அக்டோபர் 26ஆம் தேதி கடைசியில் மூடினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் சங்கிலியைப் பிடிக்க நீண்ட வரிசை. ‘இவ்வளவு தூரம் வந்தோமே, காசு கொடுத்தோமே.’ உங்கள் கடிதத்தில் அதே குரலைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும். ஆனாலும்.

காசு எதற்குக் கொடுத்தீர்கள் என்றால், பஸ்ஸுக்கு, டீசலுக்கு, சீஸுக்கு, அந்தப் பையனின் சம்பளத்துக்கு. கதைக்கு விலை போடவில்லை. விலை போட்டிருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

உங்கள் மகளை மறந்தே போனேன். அவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முட்டிஜூலு சுனை பக்கத்தில் அவள் கேட்ட கதை, குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் வீட்டுப் பிள்ளையைக் கொன்ற லிரு என்ற விஷப்பாம்பு வீரனைத் தேடி வந்து கோலால் அடித்த கதை. பாறையில் அந்த அடியின் தழும்பைக்கூடக் காட்டியிருப்பார்கள். அதை அனங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன அளவில் சொல்கிறார்களோ அந்த அளவில்தான் நமக்கும் சொல்கிறார்கள். மேற்கொண்டு தெரிந்துகொள்ள அவர்கள் பிள்ளைகளே வளரவேண்டும், சடங்குகளைத் தாண்டவேண்டும், தகுதி வந்ததென்று பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆகவே அவளை ஒன்பது வயது அனங்குப் பிள்ளைக்குச் சமமாக நடத்தியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சந்தோஷப்படுவாள். உங்களையும் அதே வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள், அதுதான் உங்களுக்கு இடிக்கிறது.

அடுத்த தடவை போனால் இந்த ஒயின் பஸ்ஸை விட்டுவிட்டு, காலையில் உலுரு அடிவாரத்தில் பூங்கா ரேஞ்சர் கூட்டிப்போகும் மாலா நடைக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. வழியில் ஒரு குகை வரும். பெரியவர்கள் விடலைப் பையன்களை உட்காரவைத்து, சுவரில் வரைந்து வரைந்து, தண்ணீர் எங்கே, இரை எங்கே என்று பாடம் நடத்திய இடம். அந்தப் படங்கள் இன்னமும் இருக்கின்றன. உங்கள் மகள் கேட்பதையெல்லாம் ரேஞ்சரிடம் கேட்கட்டும். சொல்வதைச் சொல்வார், மிச்சத்துக்கு இல்லை என்பார். மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். வெயில் காலத்தில் 36 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்தாலே காட்டா ஜூட்டாவின் காற்றுப் பள்ளத்தாக்குப் பாதையைக் காலை 11 மணிக்குப் பாதியில் அடைத்துவிடுவார்கள். அதற்கும் ஏன் என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.