சன்னல் படுதாவும் டச்சுக்காரர்களின் கணக்கும்

கேள்வி: நெதர்லாந்து குளிர் நாடுதானே? அங்கே சன்னலுக்கு வெளியே துணிப் படுதா எதற்கு?
– செல்வி

பதில்: ஜூன் மாதத்தில் ஆம்ஸ்டர்டாமில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து நேரே கூடத்துக்குள் விழும். கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடும். பிறகு உள்ளே திரை போட்டு அவ்வளவாகப் பயனில்லை. அதனால் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்கிறார்கள். குளிர்காலத்தில் படுதாவைச் சுருட்டிவிட்டால், கிடைக்கிற கொஞ்ச வெயிலும் வீட்டுக்குள் வரும். அசையாத கான்கிரீட் மறைப்பால் இது முடியாது.

கேள்வி: சன்னல்கள் ஏன் அவ்வளவு பெரியவை?
– முருகன்

பதில்: மனைகள் குறுகல், நீளம் அதிகம். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும்தான் வர முடியும். மண்ணும் சேறு, பழைய வீடுகள் மண்ணில் அடித்திறக்கிய மரக்கம்பங்களின் மேல் நிற்கின்றன. சுவரில் செங்கல் குறைந்தால் பாரமும் குறையும்.

கேள்வி: டச்சுக்காரர்களின் இந்தக் காரியக் கெட்டித்தனம், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினின் சமயத்தால் வந்தது என்கிறார்களே, ஐயா?
– அன்பரசு

பதில்: நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். நாட்டின் கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை உடைந்தால் பிரபுவின் வயலும் மூழ்கும், குடியானவன் வயலும் மூழ்கும். அதனால் கூடிப் பேசி, செலவைப் பங்கிட்டு, கரையைக் காக்கப் பழகினார்கள். இப்படிக் கரை காக்கும் அமைப்புகளில் ஒன்றான ரைன்லாந்து நீர் வாரியத்துக்கு 1255இலேயே பட்டயம் கிடைத்துவிட்டது. கால்வின் பிறந்ததோ 1509இல்! எனக்கு மிகவும் பிடித்தது பேம்ஸ்டர் ஏரியின் கதை. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் போட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் இறைத்தன. 1612இல் ஏரி விளைநிலமானது. அதற்கு முன்பே, 1594இல், கொர்னெலிஸ் கொர்னெலிஸ்ஸோன் காற்றாலையைக்கொண்டு மரம் அறுத்துக் காட்டியிருந்தார். பலகை மலிந்தது, கப்பல் மலிந்தது, சரக்குக் கூலியும் இறங்கியது. செல்வத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லாம் நேர்மையான உழைப்பால் வந்த செல்வமா?
– ரஹ்மத்

பதில்: இல்லை. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஜாதிக்காய்க்காக 1621இல் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்தது. பழவேற்காட்டிலிருந்து துணியை மட்டுமல்ல, மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிச் சென்றது. காற்றாலையைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: பலத்த காற்றில் படுதா கிழியாதா?
– செல்வி

பதில்: கிழியும், அம்மா. கம்பியும் வளைந்துவிடும். காற்று எழுந்தவுடன் சுருட்டிவிட வேண்டும். காற்றின் வேகத்தை உணர்ந்து தானே சுருண்டுகொள்ளும் மோட்டார் படுதாக்களும் உண்டு.