வழக்குக் கட்டில் இல்லாதது அப்பீலில் வராது: வாசகர் கேள்வி-பதில்

கே: முன்சீப் கோர்ட்டில் தோற்று நாலு மாதம் ஆகிறது. இனி அப்பீல் போடலாமா? (விழுப்புரம் வாசகர்)

ப: கெடு 30 நாள். ஹைகோர்ட்டுக்குப் போகிற முதல் அப்பீல் என்றால் 90. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், ஆனால் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? நகல் தயாராக ஆகும் நாட்கள் கெடுவில் சேராது. நகல் கேட்காமல் நீங்கள் சும்மா இருந்த நாட்கள் சேரும்.

கே: அப்பீல் போட்டு அதற்கு நம்பரும் ஆகிவிட்டது. அப்படியும் எதிராளி தீர்ப்பை நிறைவேற்ற அமீனாவோடு (கோர்ட் ஊழியரோடு) வந்து நிற்கிறார். இது கோர்ட் அவமதிப்புதானே? (கரூர்)

ப: இல்லை. தடையாணை வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பீல் வேறு, தடை வேறு. தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். பணத் தீர்ப்பு என்றால் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தோற்ற பிறகு அப்பாவின் பீரோவில் பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. முன்பு சாட்சி சொல்லாத சித்தப்பாவும் இப்போது வரத் தயார். அப்பீலில் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்கலாம் என்கிறார் நண்பர். (திண்டுக்கல்)

ப: மாதம் தவறாமல் வருகிற கடிதம் இது. அப்பீல் இரண்டாவது விசாரணை அல்ல. கீழ்க் கோர்ட்டின் வழக்குக் கட்டில் இருக்கும் வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் மேல் கோர்ட் பார்க்கும். முதல் அப்பீலில் சங்கதி, சட்டம் இரண்டையுமே அலசலாம், உண்மைதான். ஆனாலும் சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ்க் கோர்ட் நீதிபதி. 'இவரை நம்பினேன்' என்று அவர் எழுதிவிட்டால் அதை அசைக்க வலுவான காரணம் வேண்டும். கீழ்த் தீர்ப்புகள் பல நிலைப்பது இதனால்தான்.

பத்திரத்துக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 27 இருக்கிறது. கீழ்க் கோர்ட் தவறாக வாங்க மறுத்திருக்க வேண்டும். அல்லது உரிய முயற்சி செய்தும் அப்போது கிடைக்காமல் போயிருக்க வேண்டும். அல்லது தீர்ப்பு எழுத மேல் கோர்ட்டுக்கே அது தேவைப்பட வேண்டும். சொந்த வீட்டுப் பீரோவைத் திறந்து பார்க்காதது எந்த வகை முயற்சி? பதிவான பத்திரம்தானே, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கியிருக்கலாமே என்று எதிர்தரப்பு கேட்கும். சித்தப்பா எங்கே போயிருந்தார் என்றும் கேட்கும். விசாரணையின்போது வக்கீலுக்கு ஒரு காகிதமும் தராமல், தோற்றபின் மூட்டையோடு வருகிறார்கள். மனு போட்டுப் பாருங்கள், பெரிதாக நம்பாதீர்கள்.

கே: இரண்டு கோர்ட்டும் சாட்சியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டன. ஹைகோர்ட் போகலாமா? (தஞ்சாவூர்)

ப: இரண்டாம் அப்பீலுக்கு 1976 திருத்தத்துக்குப் பிறகு முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று வேண்டும். நீங்கள் எழுதியதில் அது இல்லை.

கே: விடுதலையான என் தம்பி மீது அரசு அப்பீல் போட்டிருக்கிறது. மறுபடி ஜெயிலா? (வாசகி, சேலம்)

ப: பயப்படாதீர்கள் அம்மா. விடுதலைத் தீர்ப்பு நிரபராதி என்ற அனுமானத்தை இரட்டிப்பாக்குகிறது. இரண்டு முடிவுக்கும் இடம் இருந்தால் விடுதலையில் கை வைக்கக் கூடாது என்று சந்திரப்பா வழக்கில் (2007) சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் இருக்காதீர்கள், வக்கீல் வையுங்கள்.

கே: அப்பீலுக்கு அனுமதி கேட்டுப் போட்ட மனுவை சுப்ரீம் கோர்ட் ஒரே வரியில் 'தள்ளுபடி' என்றது. ஹைகோர்ட் தீர்ப்பு சரி என்றுதானே அர்த்தம்? (மதுரை)

ப: அப்படி இல்லை. அப்பீலுக்கு அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். குஞ்ஞயம்மது வழக்கில் (2000) இது தெளிவாக இருக்கிறது. உங்களைக் கட்டுப்படுத்துவது இன்னமும் ஹைகோர்ட் தீர்ப்புதான்.

கே: இரு தரப்பும் ராஜியாகி முடிந்த வழக்கில் அப்பீல் உண்டா? (ஈரோடு)

ப: கிடையாது. சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 96(3).