சமனாகிவிட்டால் எப்படி வளரும்?

கேள்வி: நேர் மின்னூட்டமுள்ள பாலிமர் கரைசலிலும், எதிர் மின்னூட்டமுள்ள இன்னொன்றிலும் கண்ணாடியை மாற்றி மாற்றி முக்கினால் படலம் அடுக்கடுக்காக வளரும் என்று படித்தேன். இரண்டும் சேர்ந்தால் சமனாகிவிடுமே, அப்புறம் அடுத்த அடுக்கு எப்படி ஒட்டும்?
— கல்லூரி மாணவி, கரூர்

பதில்: நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. ஆராய்ச்சி மாணவியாக இரண்டு வருடம் நான் செய்தது இந்த முக்குகிற வேலைதான்.

தண்ணீரில் கண்ணாடியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் பெறும். அதைப் பாலி அல்லைலமீன் என்ற பாலிமரின் கரைசலில் வைத்தால் அதன் நேர் மின்னூட்டமுள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வந்து ஒட்டும். ஆனால் ஒரு சங்கிலி முழுவதும் படிந்துவிடாது. சில இடங்கள் ஒட்டும், மீதி வளைந்தும் வால்போல நீட்டிக்கொண்டும் நிற்கும். அந்த மீதியால் பரப்பு சமனாவதையும் தாண்டி நேர்மின்னாகவே புரண்டுவிடும். புரண்டதும் அதே வகைச் சங்கிலி இன்னொன்று வந்தால் தள்ளிவிடும். அதனால் எவ்வளவு நேரம் ஊறினாலும் அந்த அடுக்கு பெரிதாகத் தடிக்காது. இனி எதிர் மின்னூட்டமுள்ள பாலிமரான பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டில் முக்கினால் மறுபடி எதிர்மின். இப்படியே போகும்.

ஈர்ப்பு மட்டும் இதைச் செய்வதில்லை. சங்கிலிகளைச் சுற்றியிருந்த சோடியம், குளோரைடு அயனிகள் விடுபட்டுத் தண்ணீரில் கலைந்து போகின்றன. அதனால் கூடும் என்ட்ரோபிக்கும், அதாவது ஒழுங்கின்மைக்கும், பெரிய பங்கு உண்டு.

கரைசலில் சாதாரண உப்பைக் கூட்டிப் பாருங்கள். சங்கிலி தன்னைத் தானே விலக்குவது குறைந்து, சுருண்டு படியும். ஒரு ஜோடி அடுக்கு சில நானோமீட்டர் வரை தடிக்கும். சிலிக்கான் வில்லையில் செய்தால் படலம் வளர வளரப் பழுப்பு, அப்புறம் நீலம் என்று நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இடையில் கழுவுவதைக் குறைக்காதீர்கள். அவசரத்தில் ஒருநாள் நான் விட்டுவிட்டேன். வில்லையில் தங்கியிருந்த கரைசல் அடுத்த குடுவைக்குப் போய், இரண்டு பாலிமரும் சேர்ந்து பால்போலக் கலங்கிவிட்டது. அன்றைய வேலை அத்தனையும் வீண்.

1966இலேயே டூபான்ட் நிறுவனத்தின் ஐலர் மின்னூட்டமுள்ள நுண்துகள்களை இப்படி அடுக்கினார். பாலிமர்களுக்கு இதை 1990களில் வளர்த்தெடுத்தவர் கெரோ டெக்கர்.

எல்லாப் படலமும் சீராக வளர்வதில்லை. நேர் மின்னூட்டமுள்ள பாலிலைசினும் எதிர் மின்னூட்டமுள்ள ஹையலுரானிக் அமிலமும் சேர்ந்த படலத்தில் பாலிலைசின் சங்கிலிகள் உள்ளேயே ஊடுருவித் தங்கும். அடுத்த முக்கலில் வெளியே வந்து அமிலத்தோடு சேரும். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே தங்குவதும் கூடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதைவிட அதிகமாக வளரும்.