பதில்: குகைக்குத் தீ வைக்க வேண்டாம்

மெக்சிகோவின் வெராக்ரூஸில் உங்கள் மாமனார் பண்ணையில் காலையில் மாடுகளின் கழுத்தில் ரத்தம் வழிகிறது, மாடுகளைக் கடித்து ரத்தம் குடிக்கும் காட்டேரி வௌவால்கள் அங்கேதான் இருக்கும் என்று அவர் பக்கத்துக் குகைக்குத் தீ வைக்கக் கிளம்பியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பூச்சி தின்னும் வௌவால், பழம் தின்னும் வௌவால் எல்லாம் அங்கே சேர்ந்து இருக்கலாம். தப்பிக்கும் ரத்தக் காட்டேரி வௌவால்கள் ரேபிஸையும் சுமந்துகொண்டு வேறு இடம் தேடிப் போகும்.

முதல் வேலை மாடுகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி. கன்றுகளுக்கு எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்; அப்புறம் ஆண்டுதோறும். பெருவில் நடந்த ஆய்வில், வௌவால்களைக் கொன்ற இடங்களில்கூட அவற்றிடையே ரேபிஸ் பரவல் குறைந்தபாடில்லை.

கடியைக் குறைக்க வார்ஃபரின் பசை இருக்கிறது; வார்ஃபரின் என்பது ரத்தத்தை உறையவிடாமல் செய்து வௌவாலைக் கொல்லும் விஷம். இந்த வௌவால் அடுத்த இரவும் அதே காயத்துக்கே வரும் பழக்கமுள்ளது. அதனால் மாலையில் காயத்தைச் சுற்றித் தடவுவார்கள். வலையில் பிடித்து முதுகில் தடவி விடுவதும் உண்டு. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றவையும் விழுங்கிவிடும். வலையில் பிடிக்கும் வேலையை மட்டும் செனாசிகா (மெக்சிகோ அரசின் கால்நடை, பயிர் நல அமைப்பு) ஆட்களிடம் விட்டுவிடுங்கள். இனம் பார்த்துப் பிடிக்கத் தெரிய வேண்டும், கடிபட்டால் நமக்கும் ஆபத்து.

இன்னொன்று: பின்னங்கால் தள்ளாடி எச்சில் ஒழுகும் மாட்டைப் பார்த்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை நுழைக்காதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம்.